கோல்ஃப் பந்து நினைச்ச இடத்துக்குப் போகணுமா? ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் பழகுறவங்களுக்கு முழு வழிகாட்டி

ஓசூர் சிப்காட்ல வேலை பாக்குற நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு கோல்ஃப் இப்படித்தான் ஒட்டிக்குது. கம்பெனிக்கு வந்த ஜப்பான்காரரோ கொரியாக்காரரோ ஞாயித்துக்கிழமை கூட வாங்கன்னு கூப்பிடுவார், அங்க போய் அடிச்சதுல ஒரே ஒரு பந்து தப்பித்தவறி நேரா பறந்துடும், அவ்ளோதான், அடுத்த வாரத்துல இருந்து அத்திப்பள்ளி டோல் தாண்டி ரேஞ்சுக்கு (காசு குடுத்து பந்து அடிச்சுப் பழகுற இடம்) போய் கூடை கூடையா பந்து வாங்கி டிரைவரால (ரொம்ப தூரம் அடிக்கிற நீளமான கிளப், கோல்ஃப் மட்டைக்கு கிளப்னு பேரு) சாத்து சாத்துன்னு சாத்துறது. பாதி பந்து வலது பக்கம் ஓடுது, மிச்சத்துல பாதி தரையோட உருளுது. வீட்டுக்கு வந்து ஒரு வீடியோ பாத்து ஸ்விங்கை, அதாவது கிளப்பை வீசுற விதத்தை மாத்துறது, மறுவாரம் வேற வீடியோ வேற ஸ்விங்.

நான் சொல்றது ஒண்ணுதான், ஸ்விங்ல கடைசியா கை வைங்க. பந்து நினைச்ச இடத்துக்குப் போகலைன்னா வரிசையா தேடணும்: நீங்க எங்க பாத்து நின்னீங்க, கிளப் தரையை எங்க தொட்டுச்சு, பந்து ஃபேஸ்ல (கிளப் தலையில பந்தை அடிக்கிற முகம்) எந்த இடத்துல பட்டுச்சு, பட்ட நேரத்துல ஃபேஸ் எந்தப் பக்கம் பாத்துச்சு. முதல் கேள்விக்கு பதில் தெரியாம நாலாவது கேள்விக்குப் போனா வைத்தியம் தப்பா போயிடும். அமெரிக்க ஆட்டக்காரர் ஜிம் ஃப்யூரிக் ஸ்விங் பாத்திருக்கீங்களா, கிளப் மேல போய் ஒரு சுத்து சுத்திட்டு வேற பாதையில இறங்கும், எந்த கோச்சும் அப்படி சொல்லித்தர மாட்டாரு, ஆனா 2016-ல டிராவலர்ஸ் சாம்பியன்ஷிப்ல ஒரு முழு ரவுண்டை வெறும் 58 அடியில முடிச்சு (கோல்ஃப்ல கம்மியா அடிச்சாத்தான் ஜெயிப்பு) பிஜிஏ டூர்ங்கிற அமெரிக்கப் போட்டித் தொடர்ல ரெக்கார்டே போட்டார். ஏன்னா பந்து மேல படுற அந்த ஒரு கணத்துல மட்டும் அவரோட கிளப் சரியா இருக்கும். பந்துக்கு அந்தக் கணம் மட்டும்தான் தெரியும், மேல என்ன டான்ஸ் ஆடினீங்கன்னு தெரியாது.

வலது கைக்காரங்களுக்கு எழுதுறேன், இடது கைன்னா திருப்பிப் படிச்சுக்கோங்க.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி: எதை வெச்சு, எங்க பழகுறது

டிரைவரை கார் டிக்கியிலேயே விட்டுடுங்க. ஒரு பழைய 8-அயர்ன் இல்ல 9-அயர்ன் (சாய்வான தலை வெச்ச கிளப், நம்பர் கூடக் கூட தூரம் குறையும்) போதும், செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது இருந்தா இன்னும் நல்லது, ஏன்னா நம்ம ஊர் மண்ணு கிரானைட் பூமி, செம்மண்ணுக்கு அடியில சரளைக்கல்லு எங்க இருக்குன்னு சொல்ல முடியாது, புது கிளப்பை அதுல இறக்கினா ஃபேஸ் எல்லாம் கீறல் விழும், மணிக்கட்டும் வலிக்கும். மழை பேஞ்ச மறுநாள் மண்ணு இளகி இருக்கும்போது பழகுங்க, இல்லைன்னா முந்தின நாள் சாயந்திரம் ரெண்டு குடம் தண்ணி தெளிச்சு விட்டு, கல்லைப் பொறுக்கிட்டு, ஒரு பாய் அளவுக்கு இடம் தயார் பண்ணிக்கோங்க. மாந்தோப்பு ஓரமோ, ராகி அறுத்த வயலோ, எதுனாலும் சரி, சொந்த இடமா இருக்கணும் இல்ல கேட்டுட்டு பழகணும்.

நெட் வேணும்னா ஓசூர், பாகலூர், தளி பக்கம் ரோஜா பாலிஹவுஸ் வெச்சிருக்கிறவங்ககிட்ட பழைய பச்சை ஷேடு நெட் கிடைக்கும். ஆனா கவனமா கேளுங்க, ஷேடு நெட் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்துக்கு மட்டும்தான். நிஜ பந்து 45.93 கிராம் வரைக்கும் இருக்கும், கெட்டிப் பொருள், அது வர்ற வேகத்துக்கு வெயில்ல இத்துப்போன நெட்டை கிழிச்சுட்டு போய் யார் மண்டையிலயாவது படும். நிஜ பந்து அடிக்கணும்னா அதுக்குன்னே விக்கிற நைலான் நெட், அதுவும் கொஞ்சம் தளர்வா தொங்கவிட்டு. ஸ்கூல் கிரவுண்டு, ரோட்டோரம், மாடு மேயுற இடம், இங்கெல்லாம் நிஜ பந்து எடுக்கவே எடுக்காதீங்க.

முதல் படி: நிக்கிறது

பெங்களூரு பக்கம் ஒரு கோர்ஸ்ல, அதாவது கோல்ஃப் மைதானத்துல, கேடியா (ஆடுறவரோட பையைத் தூக்கிட்டு கூட வர்றவர்) இருக்கிற ஒரு அண்ணன், தமிழ் கன்னடம் தெலுங்கு மூணும் கலந்து பேசுவார், ஒருத்தர் தொடர்ந்து வலது பக்கம் அடிச்சு ஸ்விங்கை திட்டிக்கிட்டே இருந்தப்போ அவர் பின்னாடி நின்னு பாத்துட்டு அமைதியா சொன்னாரு, "சார், பந்து நேராத்தான் போச்சு. நீங்கதான் அந்தப் பக்கம் பாத்து நின்னீங்க." அந்த மனுஷன் கிளப்பை காலுக்கு குறுக்கால கீழ வெச்சுப் பாத்தாரு, கால் லைன் கொடிக்கு (ஹோல்ல நட்டிருக்கிறது) 15 யார்டு வலது பக்கம் போகுது. ஸ்விங்ல ஒரு கோளாறும் இல்ல.

இது ரொம்ப சகஜம். பந்துல இருந்து இலக்குக்கு ஒரு கோடு, அந்தக் கோட்டுல கிளப் ஃபேஸ் நிக்கணும். உங்க கால் அந்தக் கோட்டுல இல்ல, அதுக்கு இந்தப் பக்கம் இருக்கு, அதனால கால் லைன் கோட்டுக்கு இணையா, இலக்குக்கு கொஞ்சம் இடது பக்கம் பாக்கணும், ரயில் தண்டவாளம் மாதிரி. தோளை நேரா கொடிக்குக் காட்டி நின்னா உடம்பு வலது பக்கம் பாக்குது, அப்புறம் மூளை சும்மா இருக்குமா, பந்தை இடது பக்கம் இழுக்க கையை வெளிய வீசும், அதுல இருந்துதான் பாதி பேருக்கு ஸ்லைஸ், அதாவது பந்து வலது பக்கம் வளையுறது ஆரம்பிக்குது. ஆக, ஸ்விங் வியாதின்னு நினைச்சுக்கிட்டு இருக்கிற நிறைய விஷயத்துக்கு வேர் இங்கதான்.

பழகுறதுக்கு எலக்ட்ரிக்கல் கடையில விக்கிற ஒயரிங் பிவிசி பைப் வாங்கி ரெண்டா அறுத்துக்கோங்க, அலைன்மென்ட் ஸ்டிக்னு தனியா காசு குடுக்க வேண்டாம். ஒண்ணை பந்துக்கு அந்தப் பக்கம் இலக்கைப் பாத்து வைங்க, இன்னொண்ணை கால் விரல் நுனியில இணையா வைங்க. ஆனா மேட்ச்ல இதை செய்யக்கூடாது, ரவுண்டு ஆடும்போது திசை பாக்க எதையாவது கீழ வெச்சா ரூல் 10.2பி படி பெனால்டி, அப்புறம் 2019 ரூல்ல இருந்து கேடி பின்னாடி லைன்ல நின்னு சரி பண்ணிவிடவும் முடியாது. அதனால மேட்ச்சுக்குன்னு ஒரு வழி வேணும்: பந்துக்குப் பின்னாடி நின்னு இலக்கைப் பாருங்க, அந்தக் கோட்டுல பந்துக்கு முன்னாடி ரெண்டு மூணு அடிக்குள்ள ஒரு காஞ்ச இலையோ புல்லு திட்டோ பிடிச்சுக்கோங்க, முதல்ல ஃபேஸை அதுக்கு நேரா வைங்க, அப்புறம்தான் கால். பழைய சாம்பியன் ஜாக் நிக்லாஸ் ஆயுசு முழுக்க இப்படித்தான் பண்ணினார். 150 யார்டு தள்ளி இருக்கிற கொடிக்கு ஃபேஸை நேரா வைக்கிறதை விட 3 அடி தள்ளி இருக்கிற இலைக்கு நேரா வைக்கிறது எவ்வளவோ சுலபம்.

பந்து எங்க இருக்கணும்? வெட்ஜ் (கிட்ட அடிக்கிற ரொம்ப சாய்வான கிளப்), 9-அயர்ன் எல்லாம் ரெண்டு காலுக்கும் நடுவுல. 7, 6 போகப் போக நடுவுல இருந்து ஒரு பந்து அளவுக்கு இடது பக்கம். டிரைவர்னா இடது குதிகால் உள் பக்கத்துக்கு நேரா. இது ஒவ்வொரு நாளும் நமக்குத் தெரியாமயே நகரும், அதனால பைப்பை குறுக்கால வெச்சு பாத்துக்கிறது நல்லது.

ரெண்டாவது படி: பிடி, அதுலயும் நம்ம கிரிக்கெட் கை

நம்ம பக்கத்துல கோல்ஃபுக்கு வர்றவங்க முக்கால்வாசி பேர் டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடி வளந்தவங்க. அது உதவியும் பண்ணும், கெடுக்கவும் செய்யும். கண்ணு கை எல்லாம் பழகியிருக்கும், ஆனா கிரிக்கெட் பேட்ல பிளேடு கைப்பிடிக்கு நேர் கீழ இருக்கு, கோல்ஃப் கிளப்ல தலை ஒரு பக்கமா நீட்டிக்கிட்டு இருக்கு. பேட்டை நேரா கொண்டு வந்தா முகம் நேரா இருக்கும். கிளப்பை அப்படியே கொண்டு வந்தா ஃபேஸ் திறந்தே, அதாவது வலது பக்கம் பாத்தபடியே வரும், ஏன்னா கிளப் தலை பின்னாடி போகும்போது திறந்து, வரும்போது மூடிக்கணும், முன்கை சுழலணும். ஸ்ட்ரெய்ட் டிரைவ் ஆடுறவங்க அந்த சுழற்சியை விடவே மாட்டாங்க, கையை இறுக்கிப் பிடிச்சு நேரா தள்ளுவாங்க, பந்து வாழைப்பழம் கணக்கா வலது பக்கம் வளையும்.

இதுக்கு சிகிச்சை இடது கையில. கிளப்பை உள்ளங்கையில பிடிக்காம விரல்ல பிடிங்க, சுண்டுவிரல் அடிப்பகுதியில இருந்து ஆள்காட்டி விரல் நடு கணு வரைக்கும் சாய்வா. அப்புறம் கையை வலது பக்கம் கொஞ்சம் திருப்புங்க, மேல இருந்து பாத்தா உங்க இடது கையில ரெண்டரை விரல் முட்டி தெரியணும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ற மடிப்பு வலது தோளைப் பாக்கணும். ஒரே ஒரு முட்டிதான் தெரியுதுன்னா ஸ்லைஸ் வர்றது அதிசயமே இல்ல. வலது கை சுண்டுவிரலை மேல ஏத்தி வெக்கிறீங்களா, இடது ஆள்காட்டியோட கோக்குறீங்களா, பத்து விரலும் தனித்தனியா வெக்கிறீங்களா, அதெல்லாம் உங்க கை அளவைப் பொறுத்தது. டைகர் உட்ஸும் நிக்லாஸும் கோக்குறவங்க, ஹாரி வார்டன் பேர்ல சொல்ற பிடி ஏத்தி வெக்கிறது. அதுல நேரத்தை செலவழிக்காதீங்க.

பிடியை மாத்தின முதல் வாரம் பந்து இடது பக்கம் போகும், கை கூசும், பழசுக்கே போயிடலாம்னு தோணும். போகாதீங்க.

மூணாவது படி: கோலமாவு கோடு

இந்த வழிகாட்டியில ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன்னு சொன்னீங்கன்னா இதைப் படிங்க.

அயர்ன்ல பந்து முதல்ல, தரை அப்புறம். கிளப் கீழ இறங்கி வரும்போதே பந்து படணும், பந்தைத் தாண்டி இலக்கு பக்கமா ரெண்டு மூணு அங்குலம் தள்ளித்தான் கிளப் அதோட பாதையில ரொம்ப கீழ போகணும். டிவி-ல பாத்தீங்கன்னா ப்ரோ ஆளுங்க பேத்த புல்லு, அந்த டிவாட், பந்து இருந்த இடத்துக்கு முன்னாடி இருக்கும், பின்னாடி இருக்காது. நம்ம ஆளுங்க பின்னாடி தரையில குத்துவாங்க, பந்து பாதி தூரத்துல விழும். இல்லைன்னா குத்திடுவோமோன்னு பயந்து எழுந்துக்குவாங்க, பந்து தலையில பட்டு தரையோட போகும். ரெண்டும் ஒரே வியாதி.

ரேஞ்ச்ல இது தெரியாது, அதுதான் பிரச்சனை. அங்க விரிச்சிருக்கிற செயற்கைப் புல்லு பாயில (மேட்) பின்னாடி குத்தினாலும் கிளப் வழுக்கிக்கிட்டு போய் பந்தை எடுத்துடும், சத்தமும் நல்லா கேக்கும், நீங்களும் பெருமைப்பட்டுக்குவீங்க, கோர்ஸ்க்குப் போனா குட்டு வெளிப்பட்டுடும். நம்ம செம்மண்ணு பொய் சொல்லாது.

தயார் பண்ண இடத்துல, ஒரு சிட்டிகை கோலமாவு எடுத்து, ரெண்டு காலுக்கும் நடுவுல இருந்து நீளமா வெளிய ஒரு கோடு இழுங்க, வாசல்ல இழுக்கிற அதே மாதிரி, ரெண்டு அடி நீளத்துக்கு. பந்து வேண்டாம். கோட்டுக்கு மேல நின்னு 9-அயர்னால பாதி ஸ்விங் வீசுங்க. மண்ணுல ஒரு கீறல் விழும், அது கோட்டுல ஆரம்பிச்சு இலக்கு பக்கமா போச்சுன்னா பாஸ். கோட்டுக்குப் பின்னாடியே, வலது கால் பக்கம் ஆரம்பிச்சதுன்னா ஃபெயில், வெள்ளை மாவோட சேந்து செம்மண்ணு சிதறி எங்க ஆரம்பிச்சதுன்னு அப்பட்டமா தெரியும், வாதாடவே முடியாது. அப்புறம் ஒரு அடி முன்னாடி நகந்து, கோட்டுல வேற இடத்துல வீசுங்க. கோடு முழுக்க கீறல் ஆனதும் காலால மண்ணை நிரவிட்டு மறுபடியும் கோடு.

கீறல் பின்னாடியே விழுதுன்னா பெரும்பாலும் காரணம் உடம்பு எடை வலது கால்லயே தங்கிடுறது, பந்தை தூக்கி விடணும்னு ஒரு ஆசை. தூக்குற வேலையை கிளப் பாத்துக்கும், அதுக்குத்தான் ஃபேஸை சாய்வா செஞ்சு வெச்சிருக்கான். நிக்கும்போதே எடையில பாதிக்கு மேல கொஞ்சம் இடது கால்ல வெச்சுக்கோங்க, இறங்கும்போது இடது காலை மிதிச்சு ஆரம்பிங்க, முடிக்கும்போது வலது குதிகால் மேல தூக்கியிருக்கணும், வலது கால் பெருவிரல் மட்டும் தரையில, அந்த நிலையில மூணு செகண்டு ஆடாம நிக்க முடியுதான்னு பாருங்க. தடுமாறினா எடை போய் சேரலன்னு அர்த்தம்.

கீறல் நிலையா கோட்டுல இருந்து இலக்கு பக்கமா விழ ஆரம்பிச்ச பிறகுதான் கோட்டு மேல பந்து. முதல்ல பிளாஸ்டிக் பந்து. ரேஞ்ச்ல மேட்லதான் அடிக்கணும்னா தோள்ல போடுற துண்டை மடிச்சு பந்துக்கு நாலு அங்குலம் பின்னாடி போடுங்க, துண்டைத் தொடாம பந்தை எடுக்கணும். துண்டு பறந்துச்சுன்னா குட்டு வெளிய வந்துடுச்சு.

டிரைவருக்கு மட்டும் இது தலைகீழ். பந்து டீ (பந்தை ஏத்தி வைக்க தரையில குத்துற சின்ன ஆணி) மேல இருக்கு, கிளப் கீழ போய் மேல ஏறத் தொடங்கும்போது படணும், அதனாலதான் பந்தை இடது குதிகாலுக்கு நேரா தள்ளி வைக்கிறது. அயர்ன் மாதிரி டிரைவரை கீழ குத்துனா பந்து அதிகமா சுத்தி மேல போய் நின்னுடும்.

நாலாவது படி: ஃபேஸ்ல எங்க படுது

முகத்துக்குப் போடுற பவுடரை ஃபேஸ்ல லேசா தட்டி விடுங்க, அடிங்க, பந்து பட்ட இடத்துல வட்டமா தழும்பு இருக்கும். இல்லைன்னா வொயிட்போர்டு மார்க்கரால பந்து பின்னாடி ஒரு பெரிய புள்ளி வெச்சு அந்தப் புள்ளி ஃபேஸைப் பாக்குற மாதிரி வைங்க, மை அப்படியே ஒட்டிக்கும். பழகும்போது மட்டும்தான் இது, ரவுண்டுல ஃபேஸ்ல எதையும் தடவக்கூடாது.

பத்து பந்து அடிச்சு தழும்பு எங்க கூடுதுன்னு பாருங்க. ஷாஃப்ட் (கிளப்போட தண்டு) பக்கம், அதாவது ஹீல்ல கூடுதுன்னா பந்துக்கு ரொம்ப பக்கத்துல நிக்கிறீங்க, இல்ல இறங்கும்போது எடை கால் விரலுக்கு போய் உடம்பு பந்தை நோக்கி சாயுது. இன்னும் உள்ள போனா ஷேங்க், பந்து சடார்னு வலது பக்கம் 45 டிகிரியில போகும், பக்கத்து தடுப்புல நின்னு அடிக்கிறவர் நம்மளை ஒரு மாதிரி பாப்பாரு. நுனியில, டோ பக்கம் கூடுதுன்னா தள்ளி நிக்கிறீங்க இல்ல கையை மடக்கி உள்ள இழுக்கிறீங்க. ரெண்டுக்கும் ஒரே பயிற்சி: கிளப் தலை அகலத்தை விட கொஞ்சம் அதிகமா இடைவெளி விட்டு ரெண்டு டீ குத்தி வைங்க, நடுவுல பந்து, டீயைத் தொடாம வாங்க.

டிரைவர்ல ஒரு வினோதம் இருக்கு. டோ பக்கம் பட்டா பந்து இடது பக்கம் வளையப் பாக்கும், ஹீல்ல பட்டா வலது பக்கம். ஃபேஸ் பட்ட வேகத்துல திரும்பி, கியர் சக்கரம் சுத்துற கணக்கா பந்தை எதிர்ப்பக்கம் சுத்திவிடுது. அதனால உங்க டிரைவர் ஸ்லைஸ் ஸ்விங்கால வருதா, ஹீல்ல படுறதால வருதான்னு பவுடர் போடாம யாராலும் சொல்ல முடியாது. பவுடர் போடாமலே பிடியை மாத்திக்கிட்டு இருக்கிறவங்கதான் ரேஞ்ச்ல அதிகம்.

அஞ்சாவது படி: பந்து பறக்குறதைப் படிக்கிறது

நடுவுல படுது, தரையும் சரி, நிக்கிறதும் சரி. அப்பவும் பந்து வளையுதுன்னா இப்பத்தான் ஃபேஸும் பாதையும்.

பந்து எந்த திசையில கிளம்புதுன்னு முடிவு பண்றது பெரும்பாலும் ஃபேஸ். அயர்ன்ல சுமாரா நாலுல மூணு பங்கு ஃபேஸ், டிரைவர்ல அதை விட கூட. கிளம்பின பிறகு எந்தப் பக்கம் வளையுதுன்னு முடிவு பண்றது ஃபேஸுக்கும் கிளப் வர்ற பாதைக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம். பழைய காலத்துல இதை தலைகீழா சொல்லிக்குடுத்தாங்க, பாதைதான் கிளம்புற திசைன்னு. டாப்ளர் ரேடார் வெச்ச டிராக்மேன் மாதிரி மெஷின் வந்த பிறகுதான் அது தப்புன்னு ஊருக்கே தெரிஞ்சது. இன்னும் பழசையே சொல்றவங்க இருக்காங்க, சண்டை போடாதீங்க, தலையாட்டிட்டு வந்துடுங்க.

இப்ப படிக்கலாம். இடது பக்கம் கிளம்பி வலது பக்கம் வளைஞ்சு வருது: ஃபேஸ் கொஞ்சம் இடது பாத்துச்சு, பாதை அதை விட இடது, வெளிய இருந்து உள்ள வெட்டுறீங்க. வலது பக்கம் கிளம்பி இன்னும் வலது வளையுது: ஃபேஸ் நல்லா திறந்திருக்கு, பிடியைப் பாருங்க. வலது கிளம்பி வளையாம நேரா வலது போகுது: ஃபேஸும் பாதையும் ஒண்ணா வலது, முதல்ல நின்ன திசையை சந்தேகப்படுங்க. வலது கிளம்பி இடது வளைஞ்சு நடுவுக்கு வருதா? அதை யாரு சரி பண்ண சொன்னது, அப்படியே வெச்சுக்கோங்க.

வெட்டுற பாதைக்கு ஒரு காலி தண்ணி பாட்டில் போதும். பந்துக்கு ஒரு சாண் பின்னாடி, நாலு விரல் அகலம் வெளிப்பக்கமா தள்ளி நிக்க வைங்க. வெளிய இருந்து வந்தா பாட்டில் பறக்கும். பாட்டிலைத் தொடாம உள்பக்கமா வந்து அடிக்கப் பழகினா பாதை தானா மாறும், யாரும் உங்களுக்கு முழங்கை எங்க வெக்கணும்னு பாடம் எடுக்க வேண்டியதில்ல.

ஒரு டிகிரி ஃபேஸ் தப்பினா 150 யார்டுல பந்து கிளம்புற கோடு 2.6 யார்டு விலகுது. 3 டிகிரின்னா கிட்டத்தட்ட 8 யார்டு, வளைவு தனிக்கணக்கு. கண்ணால பாத்து 3 டிகிரியை கண்டுபிடிக்க முடியாது, அதனாலதான் பந்தைப் பாத்து படிக்கணும்னு சொல்றேன்.

ஆறாவது படி: வேகம்

மேல போற நேரம் மூணு பங்குன்னா கீழ வர்ற நேரம் ஒரு பங்கு, நல்ல ஆட்டக்காரங்க பெரும்பாலும் இந்தக் கணக்குக்கு பக்கத்துலதான் இருப்பாங்க. மனசுக்குள்ள "ஒண்ணு ரெண்டு மூணு"ன்னு மேல போய் "நாலு"ல பந்து. முழு பலத்துல அடிக்காதீங்க, பத்துக்கு ஏழு போதும். இடுப்பு உயரத்துல இருந்து இடுப்பு உயரம் வரைக்கும் பாதி ஸ்விங் அடிச்சு நடுவுல பட்டா மட்டும் முழு ஸ்விங்குக்குப் போங்க.

தூரம் இல்லைன்னா ஆட முடியாதுன்னு ஏங்குறவங்களுக்கு நம்ம பக்கத்து பெங்களூரு பொண்ணு அதிதி அசோக்கை ஞாபகப்படுத்துறேன். 2021-ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல மத்தவங்களை விட ரொம்ப கம்மியான தூரம் அடிச்சே நாலாவதா வந்தாங்க, ஒரே ஒரு ஸ்ட்ரோக்ல பதக்கம் போச்சு. அதே பெங்களூருல கேடியா இருந்து வந்த சி. முனியப்பா 2009-ல இந்தியன் ஓபனே ஜெயிச்சார்.

ஏழாவது படி: வீட்டுக்குள்ள பட்டிங்

பட்டிங்னா பந்தை ஹோலுக்குள்ள உருட்டி விடுறது. இதை யாரும் பழக மாட்டாங்க, ஸ்கோர்ல பெரிய பங்கு இங்கதான் போகுது. ஹோல் குறுக்களவு 4.25 அங்குலம். 10 அடியில இருந்து பட்டர் (உருட்டுறதுக்கான கிளப்) ஃபேஸ் ஒரு டிகிரி தப்பினா பந்து 2 அங்குலத்துக்கு மேல விலகும், அதாவது ஹோல் விளிம்புல தொங்கும். ஒரு மீட்டர் ஸ்டீல் ஸ்கேல் வாங்கி தரையில வெச்சு, ஒரு முனையில பந்து வெச்சு, ஸ்கேல் மேலயே உருட்டி மறுமுனையில இறக்குங்க. பாதியில வழுக்கி விழுந்தா ஃபேஸ் நேரா இல்ல. நைட் ஷிப்ட் முடிச்சு வந்து தூக்கம் வர்ற வரைக்கும் பண்ணலாம், வீட்டுல திட்டு விழாது.

எட்டாவது படி: கோர்ஸ்ல போய்

நம்ம பக்கம் தரை சமமா இருக்காது. பந்து உங்க காலை விட உயரத்துல இருந்தா இடது பக்கம் போகும், கிளப்பை கொஞ்சம் கீழ இறக்கிப் பிடிச்சு வலது பக்கம் பாத்து நில்லுங்க. காலை விட தாழ்வா இருந்தா வலது போகும். ஏத்தத்துல மேல எழும்பி கிட்ட விழும், ஒரு நம்பர் தூரமா போற கிளப் எடுங்க, 8-க்கு பதில் 7. இறக்கத்துல தாழ்வா போய் ஓடும், தோளை சரிவோட சாய்ச்சு நில்லுங்க.

ஓசூர் கடல் மட்டத்துல இருந்து சுமாரா 900 மீட்டர் உயரத்துல இருக்கு, காத்து மெலிசு, சென்னையில 150 யார்டு போற கிளப் இங்க 5 யார்டு கூடவே போகும். மார்கழி காலையில குளிர்ல அதுல கொஞ்சம் திரும்ப கழிஞ்சிடும். தர்மபுரி பக்கம் இறங்கினா உயரம் கிட்டத்தட்ட பாதிதான், அங்க பழகின தூரத்தை ஓசூர்ல நம்பாதீங்க.

ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும், பந்து எம்மாத்திரம். எதிர்காத்துல பலமா அடிக்கிறதுதான் எல்லாரும் பண்றது, பலமா அடிச்சா பந்து இன்னும் அதிகமா சுத்தும், சுத்தினா மேல ஏறும், ஏறினா காத்து அப்படியே தூக்கி நிறுத்தி கீழ போட்டுடும். ரெண்டு நம்பர் தூரமா போற கிளப் எடுத்து, கொஞ்சம் கீழ பிடிச்சு, மெதுவா அடிங்க.

கொடியைப் பாத்து அடிக்காதீங்க, கிரீன் (ஹோலைச் சுத்தி ஒட்ட வெட்டின புல்தரை) நடுவைப் பாத்து அடிங்க. அதுக்கு முன்னாடி ரேஞ்ச்ல ஒரே கிளப்பால 20 பந்து ஒரே இலக்குக்கு அடிச்சு எங்கெங்க விழுதுன்னு நோட்டுல புள்ளி வைங்க. ஒரு பெரிய வட்டம் வரும், அது பெரும்பாலும் ஒரு பக்கம் சாஞ்சிருக்கும். அந்த வட்டத்தோட நடுவை கிரீன் நடுவுல வெக்கிறதுதான் உங்க குறி. உங்க வட்டம் வலது பக்கம் சாஞ்சு, பங்கரும் (மணல் குழி) வலது பக்கமே இருந்துச்சுன்னா, இன்னும் கொஞ்சம் இடது பக்கம் பாத்து நில்லுங்க. ரவுண்டு நடுவுல ஸ்லைஸ் வந்துச்சுன்னா அன்னிக்கு அதை வெச்சே ஆடுங்க, பிடியை மாத்துறது முட்டியை எண்ணுறது எல்லாம் வேண்டாம், கோலமாவு வீட்டுலதான் இருக்கு.

இத்தனையும் பண்ணி ரெண்டு மூணு மாசம் கழிச்சும் தழும்பு ஃபேஸ் முழுக்க சிதறுதுன்னா கோச்சைப் பாருங்க. போறதுக்கு முன்னாடி போன்ல ரெண்டு வீடியோ எடுத்துக்கோங்க, ஸ்லோ மோஷன்ல. ஒண்ணு எதிர்ல நின்னு, உங்க நெஞ்சுக்கு நேரா. இன்னொண்ணு பின்னாடி இருந்து இலக்கைப் பாத்த மாதிரி, போன் உங்க கை உயரத்துல, கைக்கு நேர் பின்னாடி. போனை பந்துக்கு நேர் பின்னாடியோ ரொம்ப தள்ளியோ வெச்சா பாதை தப்பா தெரியும், அதை வெச்சு கோச்சும் தப்பா சொல்லிடுவாரு. கூடவே பவுடர் தழும்பு தெரியிற மாதிரி ஃபேஸை ஒரு போட்டோ, கோலமாவு கோட்டுல விழுந்த கீறலை ஒரு போட்டோ.